மூத்த பேத்திக்கு ஒரு மணி நேரம்

கேள்வி: எனக்கு வயது 68. தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், பாளையங்கோட்டையில் இருக்கிறேன். இந்த ஒரே வருஷத்தில் இரண்டு பேரப்பிள்ளைகள் பிறந்திருக்கிறார்கள். சென்னையில் மகனுக்குப் பெண் குழந்தை, ஐந்து மாதம். மகள் இரண்டாவது பேறுகாலத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பேரன் பிறந்து 38 நாள் ஆகிறது. மகளின் மூத்த பெண்ணுக்கு நாலரை வயது.

பேரன் பிறந்த அன்று சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் தொட்டு சேனை வைக்கப் போனேன், மகள் விடவில்லை. வெளியே போய்விட்டு வந்தால் கை கழுவாமல் தூக்கக் கூடாதாம், முத்தம் கொடுக்கக் கூடாதாம். எனக்கிருந்த ஒரே சந்தோஷம் மூத்த பேத்தியைக் கூட்டிக்கொண்டு வெளியே போவதுதான். மூன்று வாரத்துக்கு முன் காலை ரயிலில் அவளைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப்போய், கடலிலும் நாழிக்கிணற்றிலும் குளிப்பாட்டி, சாமி கும்பிட்டுவிட்டு சாயங்காலம் வந்தோம். அன்று ராத்திரி அவளுக்குக் காய்ச்சல். "இனி எங்கேயும் கூட்டிட்டுப் போகாதீங்கப்பா" என்று மகள் சொல்லிவிட்டாள். அதிலிருந்து அந்தப் பிள்ளை சிணுங்கிக்கொண்டே இருக்கிறாள். படுக்கையை நனைக்கிறாள், தம்பியைக் கிள்ளுகிறாள்.

இதற்கு நடுவில் மருமகளுக்கு அடுத்த மாதம் லீவு முடிகிறது. "அம்மா எப்போ வருவாங்க?" என்று மகன் தினமும் கேட்கிறான். என் மனைவிக்கு வயது 63, மூட்டுவலிக்காரி. நாங்கள் கூடப்பிறந்தவர்கள் ஆறு பேர், இந்த விதிகள் எதுவும் இல்லாமல்தான் வளர்ந்தோம். இந்த வீட்டில் தாத்தாவுக்கு என்ன வேலை என்று நீங்களே சொல்லுங்கள் டாக்டர்.

பதில்:

அன்புள்ள அண்ணாச்சி,

ஐயா என்று எழுத ஆரம்பித்து மாற்றிவிட்டேன். நானும் இதே ஊரில் முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்கிறவள், எனக்கும் இரண்டு பேரப்பிள்ளைகள். அதனால் அண்ணாச்சி என்றே கூப்பிடுகிறேன்.

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். உங்கள் வீட்டில் இப்போது உங்களைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாத வேலை ஒன்று இருக்கிறது. பேரனுக்கு அம்மா இருக்கிறாள், பால் இருக்கிறது, ஆச்சி இருக்கிறாள். மகளைக் கவனிக்கவும் ஆச்சிதான். அந்த நாலரை வயதுப் பிள்ளைக்கு யார்?

அவள் பக்கத்தில் நின்று ஒரு நிமிஷம் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால் வரை அம்மா பக்கத்தில் படுத்தவள். இப்போது அந்த இடத்தில் தம்பி. வீடு மாறிவிட்டது, அப்பா வந்து வந்து போகிறவர் ஆகிவிட்டார், கூட விளையாடிய பிள்ளைகள் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் நேராகத் தொட்டிலுக்குப் போகிறார்கள். "நீ பெரிய பிள்ளை ஆயிட்டே" என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். நாலரை வயதில் யாரும் பெரிய பிள்ளை ஆவதில்லை அண்ணாச்சி. மடி போய்விட்டது என்பது மட்டும்தான் அவளுக்குப் புரிகிறது. சின்னப் பிள்ளையாக இருந்தால் மடி கிடைக்கும் போலிருக்கிறது என்று அவள் உடம்பே ஒரு கணக்குப் போடுகிறது. அதனால்தான் நின்றுபோன பழக்கம் திரும்ப வருகிறது, படுக்கை நனைகிறது. இதற்காக அடிக்கவோ, வருகிறவர்கள் முன்னால் சொல்லிக் காட்டவோ கூடாது. பெரும்பாலும் சில வாரங்களில் தானாகச் சரியாகும். பகலிலும் அடிக்கடி போகிறாள், போகும்போது எரிகிறது என்கிறாள், காய்ச்சலும் இருக்கிறது என்றால் மட்டும் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இந்த நேரத்தில் அவளுக்கு மிஞ்சியிருந்தது உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு போகிற அந்த வெளியுலகம்தான். அதுவும் நின்றுபோனது. நீங்கள் வருத்தப்பட்டதைவிட அவள் அதிகம் வருத்தப்பட்டிருப்பாள், சொல்லத் தெரியவில்லை.

சரி, காய்ச்சல் விஷயத்துக்கு வருகிறேன். காலையில் போய் ராத்திரியே வந்த காய்ச்சலுக்குத் திருச்செந்தூரில் தொற்றியது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. சாதாரண சளிக் காய்ச்சல் கிருமிகூட உள்ளே போய் வெளியே தெரிய ஒன்றிலிருந்து மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். அநேகமாக அது ஏற்கெனவே அவளுக்குள் இருந்திருக்கும். ஆனால் வெயில், மணல், கோயில் கூட்டம், கடலில் ஒரு குளியல், கிணற்றில் ஒரு குளியல், போக வர ரயில் என்று ஒரு முழுப் பகல் அந்த வயதுக்கு மிக அதிகம். தண்ணீர் எவ்வளவு குடித்தாள் என்று நினைவிருக்கிறதா? பெரும்பாலான தாத்தாக்களுக்கு அது நினைவிருக்காது. அதனால் உங்கள் மேல் தப்பில்லை என்றும் சொல்ல மாட்டேன், மகள் பயந்தது தப்பு என்றும் சொல்ல மாட்டேன். வீட்டில் இருபது நாள்கூட ஆகாத பிள்ளை இருக்கும்போது மூத்த பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எந்தத் தாய்க்கும் அடிவயிறு கலங்கும். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 100.4 டிகிரி பாரன்ஹீட் வந்துவிட்டால் நாங்கள் காத்திருக்கச் சொல்வதே இல்லை. ராத்திரி எத்தனை மணி ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்போம். உங்கள் மகளுக்கு இதை யாரோ சரியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

ஆக, நீங்கள் திரும்பக் கேட்க வேண்டியது திருச்செந்தூரை இல்லை. ஒரே ஒரு மணி நேரத்தைக் கேளுங்கள். "சாயங்காலம் நாலரைக்குக் கூட்டிட்டுப் போறேன், அஞ்சரைக்கு வீட்ல இருப்போம்" என்று மகளிடம் சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு வந்துவிடுங்கள். முதல் வாரம் இதை ஒரு நாள்கூடத் தவறாமல் செய்தீர்களானால் மகளே "அவளைக் கொஞ்சம் கூட்டிட்டுப் போங்கப்பா" என்று சொல்லுவாள். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் பிள்ளையோடு சேர்ந்து தூங்கிக்கொள்ளலாம் இல்லையா? அவளுக்கு இப்போது அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பேரன் பிறந்தபோது என் பேத்திக்கு ஐந்து வயது. என் வீட்டுக்காரர் அவளைத் தினமும் சாயங்காலம் பக்கத்து ரயில்வே கேட்டுக்குக் கூட்டிப்போவார். கேட் மூடும், இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்கும், ரயில் போகும், கேட் திறக்கும், திரும்பி வருவார்கள். அவ்வளவுதான். எத்தனை பெட்டி என்று எண்ணிக்கொண்டு வந்து ஒப்பிப்பாள். வரும்போது கையில் எப்போதும் ஏதாவது இருக்கும்: ஒரு ஜல்லிக்கல், வேப்பங்கொட்டை, காய்ந்த புளியங்காய்த் தோடு. ஒருநாள் தூங்குகிற தம்பியின் தலைமாட்டில் ஒரு வேப்பங்கொட்டையை வைத்துவிட்டாள். என் மகள் பதறிவிட்டாள். வாயில் போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்று எனக்கும் பயம்தான். ஆனால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் திட்ட வாய் வரவில்லை. அதுவரை தம்பிக்கு அவள் எதுவும் கொடுத்ததில்லை. ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவிக் கொடுத்து, "தம்பிக்கு வேணும்கிறதை இதுல போட்டு வை, அவன் பெரியவனானதும் கொடுக்கலாம்" என்றேன். பாட்டில் மேல் அலமாரியில் இருந்தது. அவள் கேட்கும்போது இறக்கிக் கொடுப்பேன், போட்டுவிட்டு மூடித் தருவாள். அவனுக்கு மூன்று மாதம் ஆனபோது பாட்டிலில் பாதி நிறைந்திருந்தது. கிள்ளுவது எப்போது நின்றது என்று எங்கள் யாருக்கும் ஞாபகம் இல்லை.

தினமும் ஒரே இடத்துக்குப் போவது பெரியவர்களுக்கு அலுப்பாக இருக்கும். பிள்ளைகளுக்கு அப்படியில்லை. நாளைக்கும் இது இருக்கும் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. வீட்டில் எல்லாமே மாறிப்போன பிள்ளைக்கு அது பெரிய விஷயம்.

நம் ஊரில் இடத்துக்கா பஞ்சம்? வ.உ.சி. மைதானத்தில் சாயங்காலம் பையன்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாலே அரை மணி நேரம் ஓடிவிடும். கொக்கிரகுளத்துக்கு பஸ்ஸில் போனால் ஆற்றங்கரையில் நின்று சுலோசன முதலியார் பாலத்தைப் பார்க்கலாம். தன் சொந்தப் பணத்தில் ஒரு மனிதர் 1843-இல் கட்டிக் கொடுத்த பாலம் என்று கதை சொல்லுங்கள், அவளை வளைவுகளை எண்ணச் சொல்லுங்கள். தண்ணீரில் கொக்கும் நீர்க்காகமும் நிற்கும். ஆனால் தாமிரபரணியில் இறக்க வேண்டாம், பிள்ளையோடு தனியாகப் போகிறவர்கள் படித்துறையில் கால் நனைப்பதுகூட வேண்டாம் என்பேன். உங்கள் வயதில் கால் வழுக்கினால் அவளைப் பிடிக்க ஆள் இல்லை. அதே கொக்கிரகுளத்தில் 1987-இல் திறந்த மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. அதை ஒரே நாளில் முழுதும் காட்டிவிட நினைக்காதீர்கள். ஒரு தடவைக்கு ஒரு அறை போதும். அவள் எதன் முன்னால் நின்றுவிடுகிறாளோ அங்கேயே நீங்களும் நில்லுங்கள்.

ரயில்தான் வேண்டும் என்று அழுதால் பாளையங்கோட்டை ஸ்டேஷனில் திருச்செந்தூர் வண்டி ஏறி அடுத்த ஊரான செய்துங்கநல்லூரில் இறங்கி, பஸ்ஸில் திரும்பிவிடுங்கள். ஐந்து வயது முடியும்வரை ரயிலிலும் சரி, அரசு பஸ்ஸிலும் சரி, அவளுக்கு டிக்கெட் கிடையாது. அப்புறம், ஜனவரிக்கு மேல் அவள் இன்னும் இங்கே இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வரும்போது கூந்தன்குளத்துக்குப் போய்வரலாம். ஊருக்குள்ளேயே மரத்துக்கு மரம் பறவைகள் கூடு கட்டியிருக்க, ஊர்க்காரர்கள் அவற்றைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி பார்த்துக்கொள்கிற இடம் அது. அப்பாவோடு அவள் தனியாக ஒரு பகல் இருந்ததாகவும் ஆகும். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் வீடு திரும்பலாம்.

எங்கே போனாலும் வீட்டில் காய்ச்சி ஆற வைத்த தண்ணீர் கொண்டு போங்கள். அவள் கேட்கும்வரை காத்திருக்காமல் இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை இரண்டு வாய் கொடுங்கள். வெட்டி வைத்த பழமும் ஐஸ் போட்ட ஜூஸும் இந்த மூன்று மாதத்துக்கு வேண்டாம். உங்களிடம் ஸ்கூட்டர் இருந்தால் தயவுசெய்து அவளை முன்னால் நிற்க வைத்து ஓட்டாதீர்கள். பிரேக் போட்டால் அந்தப் பிள்ளையின் நெஞ்சும் முகமும்தான் முதலில் போய் இடிக்கும். அப்படி வந்த பிள்ளைகளுக்குத் தையல் போட்டிருக்கிறேன். நாலு வயதுக்கு மேல் சட்டப்படி அவளுக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

இப்போது பேரன். சேனை வைப்பதன் பின்னால் இருக்கிற ஆசை எனக்குத் தெரியும். வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள், அதற்காகவே நல்ல மனிதராகப் பார்த்துக் கூப்பிடுவார்கள். உங்களுக்கு அந்த உரிமை கிடைக்கவில்லை என்ற வருத்தம் நியாயமானது. ஆனால் பிறந்த குழந்தையின் வாயில் முதலில் போக வேண்டியது சீம்பால். சர்க்கரைத் தண்ணீரும் தேனும் விரலும் துணியும் கொண்டுவருகிற கிருமிகளைத் தாங்குகிற சக்தி அதன் குடலுக்கு இல்லை. தேனை ஒரு வயதுவரை நாக்கில்கூட தடவக் கூடாது. தசைகளைச் செயலிழக்க வைக்கிற ஒரு கிருமியின் வித்து அதில் இருக்கலாம். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும்தான், நம் ஊர் சித்திரை வெயிலிலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கிட்டத்தட்ட தண்ணீர்தான். வசம்பு, ஜாதிக்காய் உரைத்துக் கொடுப்பது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, சாம்பிராணிப் புகை காட்டுவது, இதெல்லாம் வேண்டாம். தேங்காய் எண்ணெய் தடவி இதமாக நீவிவிட்டுக் குளிப்பாட்டலாம், அதில் தவறில்லை.

முத்தம் கொடுக்கக் கூடாது என்பதை நானும் சொல்வேன். கக்குவான் இருமலுக்கு எதிரான முதல் ஊசியே ஆறாவது வாரத்தில்தான். மூன்று தவணையும் முடிய பதினான்கு வாரம் ஆகும். அதற்குள் அந்த நோய் வந்தால் பெரும்பாலும் வீட்டில் இருமிக்கொண்டிருக்கிற பெரியவர்களிடமிருந்துதான் வருகிறது. உதட்டில் கொப்புளம் இருக்கிறவர் கொடுக்கிற ஒரு முத்தம் பச்சைப் பிள்ளைக்கு உயிர் ஆபத்தாகலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெளியே போட்டிருந்த சட்டையை மாற்றிக்கொண்டு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். பாதத்தில் முத்தம்கூட இரண்டு மாதம் பொறுக்கலாம். உங்களுக்கோ வீட்டில் வேறு யாருக்குமோ இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம், போய்ப் பார்த்துவிடுங்கள். உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் ஃப்ளூ ஊசியும், பெரியவர்களுக்கான கக்குவான் ஊசியும் போட்டுக்கொள்ளலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

ஆறு பேர் வளர்ந்தோம் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் அம்மா எத்தனை பெற்றார்கள் என்று எழுதவில்லை. என் ஆச்சி பெற்றது ஒன்பது, நான் பார்த்த சித்தப்பா, அத்தை எல்லாரையும் சேர்த்தால் ஐந்து. 1971-இல் நம் நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 ஒரு வயதுக்குள் இறந்துபோயின. 2020-இல் அது 28, தமிழ்நாட்டில் 13. உங்கள் மகள் போடுகிற ஒவ்வொரு விதியிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. அதற்காக அவள் கொஞ்சம் கடுமையாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். காரணமில்லாமல் அழுகிறாள், சாப்பாடு வேண்டாம் என்கிறாள், பிள்ளை தூங்கும்போதும் தூங்க முடியவில்லை என்கிறாள், இப்படி இரண்டு வாரம் போனால் அவளையும் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்.

மகன் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான். மதினி சொல்ல மாட்டார்கள். எந்த அம்மாவும் மகனிடம் "என்னால் முடியாதுப்பா" என்று சொல்லிப் பார்த்ததில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிற முட்டி 63 வயதில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், எலும்பு டாக்டரிடம் காட்டாமல் அவர்களை எங்கேயும் அனுப்பாதீர்கள். மகளுக்கு மூன்று மாதம் முடியும்வரை அம்மா இங்கே இருப்பாள் என்று தேதி போட்டுச் சொல்லிவிடுங்கள். அதுவரை சம்பந்தி அம்மா வர முடியுமா என்று கேட்கட்டும். மருமகளின் ஆபீஸில் ஐம்பது பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்தால் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும், பகலில் நாலு தடவை போய்ப் பார்க்க விட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 2017-இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியபோது வந்த விதி அது. 26 வாரச் சம்பள விடுப்பும் அதே திருத்தத்தில் வந்ததுதான். அதை அவர்கள் எழுத்தில் கேட்கலாம், கூச்சப்பட வேண்டியதில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். சென்னைக்கு மதினி மட்டும்தான் போக வேண்டுமா? ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குப் பருப்புச் சாதம் குழைத்து ஊட்டத் தெரிந்தால், தொடை துடைத்துத் துணி மாற்றத் தெரிந்தால், தாத்தாவும் போகலாம். இப்போதே பேரனுக்குத் துணி மாற்றிப் பழகுங்கள், மகள் சொல்லிக்கொடுப்பாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து போய், மாடிப்படி ஏறுகிற வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டால் மதினியின் முட்டிக்கு ஓய்வு. இரண்டு மாதம் இருந்துவிட்டு வருகிறோம் என்று போகும்போதே திரும்பி வருகிற டிக்கெட்டையும் போட்டுவிடுங்கள்.

நீங்கள் கடிதம் எழுதியபோது பேரனுக்கு 38 நாள். ஆறு வார ஊசிக்கு நாள் வந்துவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமை போடுவார்கள். இரண்டு சொட்டு மருந்தும் மூன்று ஊசியும் இருக்கும், பயப்பட வேண்டாம், இலவசம்தான். அன்றைக்கு மூத்தவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஊசி அட்டையை மகள் பையில் வைக்க வேண்டாம், மூத்தவள் கையில் கொடுங்கள். நர்ஸ் கேட்கும்போது அவளே நீட்டட்டும். முடிந்ததும் தம்பியையும் அம்மாவையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டு, நீங்கள் இருவரும் பஸ்ஸில் கொஞ்சம் சுற்றிக்கொண்டு வாருங்கள்.